புள்ளிராஜாவின் மனைவி

1

சென்ற டிசம்பர் முதல் வாரத்தில் ஜமுனாமரத்தூர் போயிருந்தேன். போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைப்பது அபூர்வம். அன்று கிடைத்தது. வேறு ஒரு வேலையாகத்தான் போனேன். அது சீக்கிரம் முடிந்துவிட்டது, திரும்பும் பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தபோது மிருதங்கச் சத்தம் கேட்டது. உலக எய்ட்ஸ் தினத்தை ஒட்டிய விழிப்புணர்வுக் கூத்து.

ஆறு பேர் கொண்ட குழு. முழு வேஷம் கட்டவில்லை. கட்டியங்காரன் மட்டும் முகத்தில் அரிதாரம் பூசிக் குல்லாய் வைத்திருந்தார். சந்தைக்கு வந்தவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என நூறு பேர் இருப்பார்கள். அரை மணி நேரக் கதை. மலைக்கிராமத்துப் பையன் ஒருவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறான். கூட்டாளி ஒருவன் அவனை ஒரு பெண்ணிடம் கூட்டிப் போகிறான். ஊர் திரும்புகிறான், கல்யாணம் நடக்கிறது, இரண்டு வருஷத்தில் உடம்பு இளைக்கிறது. டாக்டர் வந்து ஹெச்.ஐ.வி எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று ஒரு பட்டியல் சொல்கிறார். பையன் செத்துப்போகிறான். கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பி, வெளியூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒழுக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்லி முடிக்கிறார்.

கூட்டம் கைதட்டியது. கலையப் போகும் நேரத்தில் முன்வரிசையில் குந்தியிருந்த ஒரு பாட்டி கேட்டார்:

“அதெல்லாஞ் சரிப்பா. அவன் பொண்டாட்டி இன்னா ஆனா?”

டாக்டர் வேஷம் போட்டவர், “அவங்களையும் டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்கம்மா” என்றார். பாட்டி விடவில்லை. “செத்தவன் செத்துட்டான். அந்தப் பொண்ணு இன்னா ஆனான்னுதான் கேக்கறேன்.”

குழுவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களிடம் இருந்த பிரதியில் அந்தப் பெண்ணுக்கு அழுவதைத் தவிர வேறு வேலை இல்லை. நான் பார்த்தவரை அந்தக் கூத்தைப் பற்றி வைக்கப்பட்ட ஒரே விமர்சனம் அந்தக் கேள்விதான். அதற்கு மேல் நான் எழுதப்போவதெல்லாம் அதன் விரிவுரை.

2

2003-இல் நான் எட்டாம் வகுப்பு. அப்போது தமிழ்நாடு முழுக்கச் சுவர்களிலும் பெரிய பலகைகளிலும் டிவியிலும் ஒரே கேள்வி இருந்தது: “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” அந்த வயதில் இருந்த யாரும் இதை மறந்திருக்க மாட்டார்கள். ஆரம்பத்தில் கேள்வி மட்டும்தான். பதில் பிறகு வந்தது. இப்போது மார்க்கெட்டிங் ஆட்கள் டீசர் என்று சொல்வதன் உச்சபட்ச வெற்றி அது. டீக்கடை, பஸ், கல்லூரி எங்கும் அதே பேச்சு. அதுவரை மருத்துவர்கள்கூட மென்று விழுங்கிச் சொன்ன ஒரு சொல் தெருவுக்கு வந்தது. ஆணுறை பற்றிப் பொதுவில் பேச முடிந்தது. இதைச் சிறிய சாதனை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் என் வகுப்பில் நடந்தது வேறு. பெயர் ராஜா என்று முடிகிற பையன் ஒருவன் இருந்தான். அவன் அந்த வருஷம் முழுக்கப் புள்ளிராஜா. அவன் உட்காரும் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டோம். அவன் தொட்ட பேனாவை வாங்கினால் “உனக்கும் வந்துடுச்சு” என்று கத்துவோம். அந்த விளையாட்டை ஆரம்பித்தவர்களில் நானும் ஒருவன்.

இப்போது அந்த வாக்கியத்தை ஒரு பிரதியாக எடுத்துப் படித்துப் பார்க்கிறேன். இலக்கண வகுப்பில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தோம். நான், நீ, அவன். “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்பது படர்க்கை வாக்கியம். எனக்கு வருமா என்று அது கேட்கவில்லை. உனக்கு வருமா என்றும் கேட்கவில்லை. அவனுக்கு வருமா என்கிறது. பலகைக்கு முன்னால் நிற்கிற நான் அந்த வாக்கியத்துக்கு வெளியே, பத்திரமாக நிற்கிறேன். என் வேலை வேடிக்கை பார்ப்பதும் ஊகிப்பதும்தான். அவன் எப்படிப்பட்ட ஆள்? எங்கே போனான்? அவனுக்கு வந்தால் நியாயம்தானே? கேள்வி ஒரு கிருமியைப் பற்றியது போலத் தோன்றினாலும் நாங்கள் எல்லோரும் பேசியது ஒரு ஆளைப் பற்றித்தான்.

விழிப்புணர்வு என்று நாம் பெயர் வைத்திருக்கும் பெரும்பாலான பிரதிகளின் கோளாறு இது என்று நினைக்கிறேன். அவை நோயைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு நோயாளியை வரைந்து காட்டின. ஒரு முகம் கிடைத்ததும் ஊர் அதை வைத்து ஆள் தேட ஆரம்பித்தது.

அந்தப் பலகையில் புள்ளிராஜாவுக்கு மனைவி உண்டா என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை.

3

நான் யோசித்திருக்க வேண்டும். ஏனென்றால் அவள் எங்கள் வீட்டில் இருந்தாள்.

என் சின்ன அத்தையின் வீட்டுக்காரர் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். 2001-இல் இறந்தார். மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னார்கள், எனக்கும் அதையே சொன்னார்கள். அத்தை தன் மகளைக் கூட்டிக்கொண்டு போளூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தோட்டத்துப் பக்கம் இருந்த அறை அவருக்கு. அவருடைய தட்டும் தம்ளரும் தனி. எவர்சில்வர் தம்ளர் எல்லாம் ஒன்றுபோல இருக்குமே, மாறிவிடக்கூடாது என்பதற்காக அம்மா அதன் அடியில் சிவப்பு நகப்பாலிஷில் ஒரு புள்ளி வைத்திருந்தார். “அத்தைக்கு உடம்பு சரியில்ல, அந்தத் தம்ளர்ல குடிக்காத” என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட விளக்கம். நான் குடிக்கவில்லை. அத்தை தலையை வருட வந்தால் நகர்ந்துபோகவும் கற்றுக்கொண்டேன். அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஒருமுறை ஒரு மருத்துவமனையில் அவரைச் சேர்த்திருந்தார்கள். கட்டிலில் மாட்டியிருந்த கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில், கொட்டை எழுத்தில், ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகள். அதைப் படிக்கத் தெரிந்த வயதுதான் எனக்கு. பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் படிக்கத் தெரிந்திருந்தது. மறுநாள் அந்தக் கட்டில்கள் காலியாக இருந்தன.

அத்தை 2005 ஆடி மாசம் இறந்தார். முப்பத்திரண்டு வயது.

இங்கே ஒரு தேதியைச் சொல்ல வேண்டும். 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு ஹெச்.ஐ.விக்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை, ஏ.ஆர்.டி என்கிறோமே அதை, இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் தொடங்கிய சில அரசு மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. போளூரிலிருந்து பஸ் ஏறினால் அரை நாள் பயணம். அத்தை இறப்பதற்கு ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்த மாத்திரை அங்கே இருந்தது. அது எங்கள் வீட்டுக்குத் தெரியாதா, தெரிந்தும் போகவில்லையா என்பதை நான் இருபது வருஷமாகக் கேட்கவில்லை. புள்ளிராஜாவை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் தொழிலில் பிழைச்செய்தி எழுதுவது ஒரு தனிக் கலை. மென்பொருளில் ஏதோ உடைந்தால் பயனருக்கு ஒரு செய்தி காட்ட வேண்டும். மோசமான பிழைச்செய்தி, “நீங்கள் தவறு செய்துவிட்டீர்கள்” என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். நல்ல பிழைச்செய்தி என்ன நடந்தது என்று சொல்லி, அடுத்து எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டும். எங்கள் வீட்டுச் சுவர் வரை வந்த செய்தி முதல் வகை. மண்டையோடு வரைந்து, உயிர்க்கொல்லி என்று எழுதி, அதோடு முடிந்தது. எந்த பஸ் ஏற வேண்டும் என்று அதில் இல்லை.

4

இந்தப் படர்க்கை எங்கிருந்து தொடங்கியது என்று பார்த்தால், ஜவ்வாது மலைக்கு மிகப் பக்கத்தில் போய் நிற்கிறது.

1986 ஜனவரியில் மலைமேல் காவலூரில் இருக்கும் வானாய்வகத்துக்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டினார்கள். அதே வருஷம் மலைக்குக் கீழே வேலூரில், சி.எம்.சி மருத்துவமனையின் ஆய்வகத்தில்தான் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி தொற்றுகள் தெரியவந்தன. மாதிரிகளை எடுத்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா. வழிகாட்டியவர் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். மேற்கத்திய நாடுகளின் நோய், நம் பண்பாட்டில் வராது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். நிர்மலாவுக்குத் தயக்கம் இருந்தது. கணவர் உற்சாகப்படுத்தினார். காப்பகம் ஒன்றில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் எடுத்தார். சென்னையில் அதைச் சோதிக்கும் வசதி இல்லாததால் ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது.

இந்திய மருத்துவ வரலாற்றின் துணிச்சலான செயல்களில் ஒன்று இது. யாரும் தேட விரும்பாத இடத்தில் இரண்டு பெண்கள் தேடினார்கள். சுனிதி சாலமன் அதன்பின் வாழ்நாள் முழுவதையும் இதற்கே கொடுத்தார். 1993-இல் ஒய்.ஆர்.ஜி கேர் மையத்தைத் தொடங்கி, 2015-இல் இறக்கும்வரை நோயாளிகளின் பக்கம் நின்றார்.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதற்கான பரிசோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை, வேறு பாலியல் நோய்களுக்கான சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள் என்று நிர்மலா பிற்பாடு ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அன்றைய நடைமுறை அது. இதற்காக அவரைக் குறை சொல்வது எளிது, அது என் நோக்கமும் அல்ல. நான் பார்ப்பது கதையின் முதல் வரியை. நம் நாட்டில் இந்தக் கதை, தன்னைப் பற்றித் தனக்கே தெரியாத பெண்களைப் பற்றிய செய்தியாக ஆரம்பித்தது. செய்தி வந்த மறுநாளே சமூகத்துக்கு ஒரு ஆறுதல் கிடைத்துவிட்டது: இது அவர்களுடைய நோய்.

அந்த ஆறுதலை உடைத்தவர்களில் முக்கியமானவர் நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி. லாரிகளின் ஊர் அது. 1995-இல் கல்யாணம். சில வாரங்களிலேயே கணவர் வழியாகத் தனக்கும் தொற்று வந்திருப்பது தெரிகிறது. சிறு வயதுப் பெண். பெயரையும் முகத்தையும் மறைக்காமல் வெளியே வந்து பேசிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவரானார். 1998-இல் வேறு சில பெண்களோடு சேர்ந்து ஹெச்.ஐ.வி உள்ள பெண்களுக்கான அமைப்பைச் சென்னையில் தொடங்கினார்.

ஒரு வாசகனாக எனக்கு இது இலக்கணம் மாறிய இடம். அதுவரை அவள், அவர்கள் என்று இருந்த வாக்கியம் முதல்முறையாக நான் என்று ஆரம்பித்தது. புள்ளிராஜா பலகைகள் வந்தது அதற்குப் பிறகுதான். நாமக்கல்லில் ஒரு புள்ளிராஜாவின் மனைவி ஏற்கெனவே எழுந்து நின்று பேசிவிட்டிருந்தார். நாம்தான் கேள்வியை மறுபடியும் புருஷனைப் பார்த்துத் திருப்பினோம்.

5

நம் சினிமா என்ன செய்தது? தமிழில் இந்த நோயை மையமாக வைத்து எடுத்த படங்களில் பலருக்கும் நினைவிருப்பது 2007-இல் வந்த சாமியின் ‘மிருகம்’. ஆதி, பத்மப்ரியா நடித்தது. ஊரே அஞ்சும் முரடன் அய்யனார், பெண்களை வேட்டையாடுபவன், ஹெச்.ஐ.வி தொற்றுக்கு ஆளாகிறான். உடம்பு உருக்குலைகிறது. ஊர் ஒதுக்குகிறது. அவனிடம் அவ்வளவு அடி வாங்கிய மனைவி அழகம்மா மட்டும் பார்த்துக்கொள்கிறாள்.

படத்தில் நேர்மையான இடங்கள் உண்டு. ஒதுக்கப்படுவதன் கொடூரத்தை அது பூசி மெழுகவில்லை. பத்மப்ரியாவின் நடிப்பில் இருந்த உறுதியை இன்றும் மறக்க முடியவில்லை. ஆனால் தலைப்பிலேயே தீர்ப்பு இருக்கிறது. மிருகத்துக்கு வந்த நோய் இது என்று சொன்ன பிறகு, மிருகம் இல்லாதவர்களுக்கு வந்தால் என்ன செய்வது? லாரி ஓட்டிய என் மாமா சாதுவான மனிதர். ஒவ்வொரு முறை வரும்போதும் எனக்கு நாக்பூர் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வருவார். படம் சொல்கிற கணக்கில் அவர் ஒன்று மிருகமாக இருந்திருக்க வேண்டும், அல்லது அவருக்கு வந்தது மஞ்சள் காமாலையாக இருந்திருக்க வேண்டும். எங்கள் குடும்பம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. கேவலமான தண்டனைக் கதையை ஒருவர் மேல் மாட்டுவதைவிடப் பொய் சொல்வது மேல் என்று எளிய மனிதர்கள் முடிவெடுக்கிறார்கள். களங்கம் இருக்கிற இடத்தில் ரகசியம் இருப்பது இதனால்தான். அந்த ரகசியம் மருந்துக்குப் போகும் வழியை அடைக்கிறது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு படம், 2005-இல் வந்த ஓனிரின் ‘மை பிரதர் நிகில்’. ஹிந்திப் படம், கதை நடப்பது கோவாவில். நிகில் நீச்சல் வீரன், தன்பாலீர்ப்பாளன். தொற்று தெரிந்ததும் அரசே அவனைப் பிடித்துத் தனிமையில் அடைக்கிறது. இது கற்பனை அல்ல. 1989-இல் கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் ரத்த தானம் செய்யப்போய், தொற்று இருப்பது தெரிந்து, பழைய காசநோய் மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் 64 நாட்கள் காவலில் வைக்கப்பட்டார். படத்தின் சிறப்பு அதன் சொல்முறை. அக்கா, பெற்றோர், காதலன் ஒவ்வொருவரும் கேமராவைப் பார்த்து என் தம்பி, என் மகன் என்று பேசுகிறார்கள். தாங்கள் அவனுக்குச் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் சொல்கிறார்கள். தலைப்பிலேயே “என்” இருக்கிறது. ஒரு படம் மிருகம் என்று அழைக்கிறது, இன்னொரு படம் என் தம்பி என்று அழைக்கிறது. இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் பக்கத்து வீட்டில் ஒருவருக்கு வந்தால் எப்படி நடந்துகொள்வார் என்பதில் இந்தச் சொல்லுக்குப் பங்கு உண்டு.

6

பிரதிகள் நின்ற இடத்தில் நிற்க, மருத்துவம் போய்க்கொண்டே இருந்தது.

2011-இல் ஹெச்.பி.டி.என் 052 என்ற ஆய்வின் முடிவு வந்தது. 9 நாடுகளில் 1,763 தம்பதிகள். ஒருவருக்குத் தொற்று உண்டு, துணைக்கு இல்லை. தொற்று உள்ளவருக்குச் சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. சென்னைத் தம்பதிகளும் அதில் பங்கேற்றார்கள். சுனிதி சாலமன் தொடங்கிய மையமும் அந்த ஆய்வின் களங்களில் ஒன்று. அடுத்து 2016-இல் ஐரோப்பாவில் பார்ட்னர் ஆய்வு. மருந்தால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவர்கள், ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உறவு கொண்டதைக் கணக்கெடுத்தார்கள். துணையிடமிருந்து பரவிய தொற்று: பூஜ்ஜியம். குறைவு என்றோ அனேகமாக இல்லை என்றோ அல்ல, பூஜ்ஜியம். எண்களோடு புழங்குகிறவன் என்பதால் சொல்கிறேன், இவ்வளவு சுத்தமான ஒரு முடிவு வாழ்க்கையில் அடிக்கடி கிடைக்காது. ஒழுங்காக மாத்திரை எடுத்து வைரஸ் அளவு அப்படி அடங்கியவரிடமிருந்து உடலுறவின் வழி ஹெச்.ஐ.வி பரவாது.

2017 முதல் இந்தியாவில் தொற்று தெரிந்த எல்லோருக்கும் உடனடியாக மருந்து தொடங்கப்படுகிறது. இன்று பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரே மாத்திரை. தாய் மருந்து எடுத்துக்கொண்டால் குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. 2017-இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி சட்டம், ஒருவருடைய ஒப்புதல் இல்லாமல் அவர் நிலையை வெளியிடக்கூடாது, வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அத்தையின் கட்டிலில் இருந்த சிவப்பு எழுத்துகள் இன்று சட்டத்துக்கு விரோதம். தமிழ்நாட்டில் 2001-இல் கர்ப்பிணிகளில் ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்த தொற்று, இன்று வயது வந்தோரிடையே கால் சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது. இந்த இறக்கத்தில் அந்தப் பழைய பலகைகளுக்கும் பங்கு உண்டு, அதை மறுத்தால் நான் நேர்மையற்றவன்.

அப்படியானால் பழைய பயம் இன்னும் ஏன் பிரச்சினை? 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் நடந்ததைப் பலரும் படித்திருப்பீர்கள். சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் ஹெச்.ஐ.வி இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தன் தொற்று தெரியாது. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் அது தெரிந்தபோது, தான் கொடுத்த ரத்தத்தைப் பற்றி அவரே வந்து சொன்னார். எந்த விழிப்புணர்வுச் சுவரொட்டியும் ஒரு குடிமகனிடம் கேட்கக்கூடிய உச்சபட்சப் பொறுப்பை அவர் செய்தார். பிறகு விஷம் குடித்து இறந்துபோனார். அடுத்த மாதம் பிறந்த அந்தக் குழந்தைக்குத் தொற்று இல்லை.

அந்த இளைஞருக்கான மாத்திரை அந்த மாவட்டத்திலேயே இலவசமாக இருந்தது. ஹெச்.ஐ.வி அவரைக் கொல்லவில்லை. அவர் தலைக்குள் நாம் ஏற்றிவைத்திருந்த கதை கொன்றது.

7

ஜமுனாமரத்தூருக்குத் திரும்புகிறேன்.

ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் தேனும் பலாவும் உண்டு. வருஷம் முழுக்கக் கூலி கிடையாது. மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களில் யாராவது ஒருவர் காப்பித் தோட்டத்துக்கோ, பெங்களூருக்கோ, திருப்பூருக்கோ போயிருப்பார். மரம் வெட்ட ஆந்திரா போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதை 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் இருபது பிணங்களாக இந்த மாவட்டம் பார்த்தது. பிழைப்புக்காக மலையிறங்குவதே உயிர் பயத்தோடு நடக்கிற ஓர் ஊரில் நின்றுகொண்டு, மலையிறங்குகிறவன் நோயோடு வருவான் என்று கூத்துக் கட்டுவது யாருக்கு உதவும்? அன்று பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பெங்களூர்க்காரன் இருந்திருப்பான். டெஸ்ட் எடுக்கப் போனாலே “அவனும் அங்க அந்த மாதிரிப் போனவன்தான்” என்று ஊர் முடிவு கட்டிவிடும் என்றால், எவன் போவான்?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஹெச்.ஐ.வி ஆலோசனை, பரிசோதனை மையத்துக்கு வைத்திருக்கும் பெயர் நம்பிக்கை மையம். இந்தத் துறையில் உருவான மிக நல்ல தமிழ்ச் சொல் அது என்பேன். அதில் நோயின் பெயர் இல்லை, ஆளின் குணம் இல்லை. உள்ளே போனால் என்ன கிடைக்கும் என்று மட்டும் சொல்கிறது. பெயர் வைத்தவருக்கு இருந்த அறிவு கூத்து எழுதியவருக்கு வாய்க்கவில்லை.

ஆனால் கூத்துக்கு வாய்த்தது. பாட்டி கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் எல்லோரும் விழித்தபோது கட்டியங்காரன் முன்னால் வந்தார். தெருக்கூத்தில் கட்டியங்காரனுக்கு மட்டும் ஒரு சுதந்திரம் உண்டு. ராஜாவையும் கேலி செய்யலாம், தன்னையும் கேலி செய்யலாம், கதையை நிறுத்திவிட்டுக் கூட்டத்தோடு பேசலாம். அவர் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“அவ நல்லாத்தான் கீறா ஆயா. புருஷன் போனதும் போய் டெஸ்ட் எடுத்தா. இருக்குதுன்னாங்க. தெனம் ஒரு மாத்திர போட்டுக்கினு கீறா. போன சந்தையில சாம வித்துக்கினு இருந்தா, நான்கூட ஒரு படி வாங்கினேன். பாத்தா யாருக்கும் தெரியாது. எதுக்குத் தெரியணும்?”

பாட்டி தலையாட்டினார். “அப்ப சரி” என்றார். எழுந்து பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அந்த நாலு வரியில் மருந்து இருக்கிறது, ஆயுள் இருக்கிறது, ரகசியத்துக்கான உரிமை இருக்கிறது. அதற்கு முன் நடந்த அரை மணி நேரத்தில் இவை எதுவும் இல்லை. பிற்பாடு டீக்கடையில் அவரிடம் கேட்டேன், இதையே கதையில் சேர்த்துவிடலாமே என்று. “எழுதிக் குடுத்தத ஆடறோம் சார்” என்றார். “ஆனா கெழவி கேட்டா சொல்லித்தானே ஆவணும்.”

என் விமர்சனம் இவ்வளவுதான்: கிழவி கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. கூத்தை அந்தப் பெண்ணிடமிருந்து ஆரம்பியுங்கள். அவள் உயிரோடு இருப்பதிலிருந்து, அவள் சாமை விற்பதிலிருந்து. புருஷன் எங்கே போனான் என்ற துப்பறியும் கதை அதில் தேவையே இல்லை.

ஆனால் இதை எழுதும்போது நானும் மாட்டிக்கொண்டேன். ஊருக்கு வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அத்தையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. தாம்பரத்தைப் பற்றிக் கேட்டேன். “யாரோ சொன்னாங்க. உங்க அப்பாதான் வேணாம்னாரு. அங்க போனா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னாரு” என்றார். இருபது வருஷத்துக்குப் பிறகு கிடைத்த பதில். எங்களுக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, “எழுது. பேரு மட்டும் போடாத” என்றார். “அவ பேத்திக்கு நாளைக்கு மாப்ள பாக்கணும்.”

அத்தை மகளுக்குத் தொற்று இல்லை. அவள் பிள்ளைகளுக்கும் இல்லை. பெயர் போட்டால் என்ன ஆகிவிடும் என்று அம்மாவிடம் வாதாடியிருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் என்னுடையது இல்லை, அத்தை மகள்தான் சொல்ல வேண்டும். போடவில்லை. படர்க்கையைப் பற்றி ஏழு பகுதி எழுதிய நான் அவரைச் சின்ன அத்தை என்று மட்டுமே எழுதியிருக்கிறேன். அந்தத் தம்ளரில் நான் குடிக்கவில்லை என்பதை மட்டும்தான் என்னால் தன்மையில் சொல்ல முடிகிறது.